அடிமரமும் மேல்மரமும்

குருக்கள்மடம்
06.01.2024

திருமதி கண்ணகை சீனித்தம்பி அவர்களுக்கு,

உங்கள் கணவரின் ஓராண்டு நிறைவான ஆட்டைத் திவசத்தன்று ரொறன்ரோ மண்டபத்தில் எடுக்கப்பட்ட காணொளியை உங்கள் மகள் ஆர்த்திகா அனுப்பியிருந்தாள். மேடையின் நடுவில் அவருடைய மத்தளம் மாலையுடன் இருக்கிறது. "இது அப்பாட மத்தளம். குருக்கள்மடத்துல நிண்ட எங்கட பலாமரத்துல செஞ்சது" என்று ஆர்த்திகா சபைக்குச் சொல்கிறாள். பிரதீஸ் என்பவர் மாலையைக் கழற்றிவிட்டு அதை எடுத்து வாசிக்கிறார். சபை கைதட்டுகிறது.

அது பலாமரம் அல்ல.

பலா இளகிய மரம். இடந்தலையில், அதாவது இடப்பக்கத் தோலில், ஓர் அடி விழுந்தால் மரமும் சேர்ந்து அதிர்ந்து அதில் ஒரு பங்கைத் தானே குடித்துவிடும். ஆகவே ஒலி உருண்டு எழுந்து, வட்டமாக அடங்கும். நெருங்கிய நாருள்ள கடின மரம் எதையும் குடிப்பதில்லை. வாங்கியதை அப்படியே திருப்பி எறியும். காணொளியில் வலந்தலையின் ஒலி, கண்ணாடிக் குவளையைத் தட்டியதுபோல் நீள்கிறது. இடந்தலையின் ஒலியில் உருட்சியே இல்லை. மண்டபமும் கைபேசியும் ஒலியைக் கெடுக்கும் என்பதைப் பௌதிகவியல் படிப்பிக்கிற நான் அறிவேன். அவை கெடுக்கும், ஒரு மரத்தை இன்னொரு மரமாக மாற்றமாட்டா.

சுனாமி அலை வந்து போன பிறகு உப்பேறிக் கருகிய அந்தப் பலாவில் இரண்டு கட்டைகள் கடைந்தோம். அடிமரம் எனக்கு, மேல்மரம் அவருக்கு. மேல்மரத்தை அவர் உங்களோடு கனடாவுக்கு எடுத்துச் சென்றார். வருகிற வைகாசிக் கோயிற்சடங்குக்குக் கூத்து ஏற்றுகிறோம். அவர் இறந்த பின் வரும் முதற் கூத்து. அந்தக் கூத்துக் களரியில் மேல்மரம் என் மத்தளத்துக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டும் என்று கூத்தைப் பழக்கி ஏற்றும் அண்ணாவியார் என்ற முறையில் தீர்மானித்திருக்கிறேன். ஆகவே கேட்கிறேன். அது எங்கே? விற்கப்பட்டதா, எறியப்பட்டதா?

தம் கடைசி ஆறு வருடங்களில் உங்கள் கணவர் என்னுடன் பேசவில்லை. ஞாயிறு தோறும் வந்த அழைப்பு ஒரு மாசி மாதத்தோடு நின்றது. காரணம் சொல்லப்படவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு வாங்கும் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பேச்சை நிறுத்துவது அவருடைய உரிமை. மரத்தை மாற்றிவிட்டு அதே பெயரால் சபையில் வைப்பது எவருடைய உரிமையும் அல்ல.

தொலைபேசியில் இதைப் பேச வேண்டாம். நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன், மரம் எங்கே என்பது தெரியாமலே போய்விடும். எழுத்தில் பதில் தரவும்.

இ. தர்மரெத்தினம்


ஸ்காபறோ
28.01.2024

திருமதி என்று எழுதிய என் அண்ணனுக்கு,

உறையைப் பார்த்து ஏதோ வழக்கறிஞரின் கடிதம் என்று பயந்துபோனேன். உள்ளே பார்த்தால் கூடப்பிறந்தவரின் கையெழுத்து. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக நீங்கள் என்னை ‘நீங்கள்’ என்கிறீர்கள். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? "கண்ணகை, ரெத்தினம் உனக்கு மரியாத போட்டிருக்கான். ஓடிப்போய் நல்ல சீலையொண்டு உடுத்துக்கொண்டு வந்து வாசி."

நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. முழங்கால் அளவு பனியை நானே வழித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மனிதன் போய் ஒரு வருடத்தில் ஒரு கடிதம் எழுதாத நீங்கள், மரத்துக்காக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

மரத்தைப் பற்றியே கதைப்போம். அந்தப் பலா நின்றது அம்மா எனக்குத் தந்த வீட்டு வளவில். நமது பக்கத்தில் வளவு பெண்பிள்ளைக்குத்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தறிக்கட்டுமா என்று நீங்கள் இரண்டு பேரும் வந்து நின்றீர்கள். நான் ஓம் என்றேன். அடிமரமும் என்னுடையது, மேல்மரமும் என்னுடையது. மேல்மரம் எங்கே என்று என்னை விசாரிக்கிற ஆள், அடிமரத்தை யாரிடம் கேட்டு வைத்திருக்கிறீர்கள்?

மத்தளம் இங்கேதான் இருக்கிறது. அதே வார், அதே பை. வெள்ளிக்கிழமை தோறும் நான்தான் துடைத்து வைக்கிறேன். போனில் வந்த ஒரு சத்தத்தைக் கொண்டு, செத்த மனிதரைக் கள்ளன் ஆக்க வேண்டாம்.

பேசாமல் விட்டவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு தோறும் அவர் போனை எடுத்துக்கொண்டு கீழ்நிலவறைப் படியில் போய் இருப்பார். கொஞ்ச நேரத்தில் ஏறி வருவார்.

"கதைச்சயளா?"

"லைன் கிடைக்கல்ல."

எத்தனையோ ஞாயிறு லைன் கிடைக்கவில்லை. நீங்கள்தான் எடுக்கவில்லை என்று நான் நினைத்தேன். அந்தக் கோபம் எனக்கு உங்கள் மேல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கண்ணகை


குருக்கள்மடம்
18.02.2024

கண்ணகைக்கு,

என் கைபேசி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அணைந்திருந்ததில்லை. மத்தளத்தின் பக்கத்தில்தான் இருந்தது. ஒருமுறைகூட அவனுடைய எண் அதில் வரவில்லை. லைன் கிடைக்கவில்லை என்று அவன் உன்னிடம் சொன்னது பொய். இதை மென்மையாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை.

நீ ‘அதே மத்தளம்’ என்கிறாய். பார்த்துவிட்டுச் சொல். வார்களைச் சற்று விலக்கி, கட்டையின் மேற்பூச்சை ஓரிடத்தில் சுரண்டு. பலாவின் உள்ளே மஞ்சள்; வருடங்கள் போகப்போகத் தேன்நிறமாகி, பிறகு கருஞ்சிவப்பாகும். அடுத்தது, இடந்தலைப் பக்கம் நான்கு விரற்கடை தள்ளி ஒரு மரக்கண் இருக்க வேண்டும், கிளை பிரிந்த இடம்.

அந்தக் கண்ணை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஏறாவூர் ஆதம்பாவா காக்காவின் மர ஆலையில் மரத்தை அறுத்த அன்று நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். "வாள் உப்புல கத்துது மாஸ்டர்" என்றார் அவர். மேல்மரத்தில் கண்ணைக் கண்டதும் அந்தத் துண்டைக் கழிக்கச் சொன்னார். நானும் அதையே சொன்னேன்; கண் உள்ள இடத்தில் நார் திரும்பும், ஒருநாள் அந்த வழியாகத்தான் வெடிக்கும். சீனி கேட்கவில்லை. "கண் இரிக்கட்டும் காக்கா. நான் தாளம் பிழைச்சா அது பார்த்துக்கொண்டிரிக்கும்" என்றான்.

தோல் ஏற்றி முடித்த அன்று இரண்டையும் வாவிக்கரைக்கு எடுத்துப் போனோம். அடிமரம் கனத்தது, அது கேட்கும். மேல்மரம் இலேசு, அது பதில் சொல்லும். ஒரே வேரில் ஒரே உப்பைக் குடித்த இரண்டு துண்டுகள் என்பதால், கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. தண்ணீருக்கு அப்பால் படுவான்கரையில் மாடுகளை வீட்டுக்குச் சாய்த்துக்கொண்டிருந்த ஒருவன், "டேய், ஆரடா அது? இன்னொருக்கா அடி!" என்று கத்தினான். சீனி எழுந்து நின்று அவனுக்காக அடித்தான். அதற்குப் பிறகு நான் கேட்ட எந்த ஒலியும் எனக்குப் போதவில்லை.

அவன் கனடா போனபின் ஞாயிறு தோறும் எனக்கு அழைப்பு எடுப்பான். நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அடிச்சுக் காட்டு." அவன் ஓர் அடி அடிப்பான். பிறகு நான். அதன் பிறகுதான் சுகம் விசாரிப்போம்.

பார்த்துவிட்டு எழுது.

அண்ணன்


ஸ்காபறோ
10.03.2024

அண்ணனுக்கு,

கண் இல்லை.

நகத்தால் சுரண்டினேன். உள்ளே தேங்காய்ச் சொட்டுப்போல் வெள்ளை. ஏழு வருடம் நான் துடைத்தது எந்த மரம் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு பிரதீஸைக் கூப்பிட்டேன். இவர் இங்கே வந்த நாள் தொட்டு இவரோடு கூடவே வாசித்தவன் அவன்.

"பிரதீஸ், எனக்குப் பொய் சொல்லாத. இதென்ன மரம்?"

"மாமி, மாமா என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."

"அவர் போயிற்றார். சத்தியத்தையும் கொண்டு போயிற்றார். நீ சொல்லு."

சொன்னான். நம்மட வீட்டில் மாரி தொடங்கினால் மத்தளத்தை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைப்போமே, மழை ஈரத்தில் தோல் தொய்யாமல். இவரும் இங்கே அதைத்தான் செய்திருக்கிறார். கீழ்நிலவறையில் ஹீற்றருக்கு மேலே பலகை அடித்து அதில் வைத்திருக்கிறார். முதல் குளிர்காலங்களில் ஒன்றும் ஆகவில்லை. அந்த மாசியில் குளிர் கடுமை. ஹீற்றர் இராப்பகலாக ஓடியது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை, கொப்பு முறிந்ததுபோல் ஒரு சத்தமாம். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டை நீளத்துக்கும் பிளந்து கிடந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அதே வழியால். பசை பிடிக்கவில்லை. இங்கே மேளம் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய், அதே அளவில் மேப்பிள் மரத்தில் கட்டை கடைந்து, பழைய தோலையும் வாரையும் ஏற்றி, நிறம் பூசி எடுத்து வந்திருக்கிறார்கள்.

"மாமா அழுதவரா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமி, சிரிச்சவர். ‘எடுத்த உடன ரெத்தினம் அடிச்சுக் காட்டு எண்டுவான். ஒரே அடியில கண்டுபிடிச்சிருவான். அவன்ட காத நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிற?’ எண்டவர்."

அண்ணன், ‘லைன் கிடைக்கல்ல’ என்பதற்கு இதுதான் அர்த்தம்.

கட்டையைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஹீற்றருக்குப் பின்னால், அவர் உடுத்த பழைய சாரத் துணியில் சுற்றிக் கிடந்தது. பிளவுக்குள் என் சுண்டுவிரல் போகிறது. கண் இருக்கிறது. பிளவு அதை இரண்டாக்கிக்கொண்டு போயிருக்கிறது.

கண்ணகை


குருக்கள்மடம்
31.03.2024

கண்ணகைக்கு,

ஒரு மரத்துண்டு. அதற்காக அந்த மனிதன் என்னிடமிருந்து ஒளிந்திருந்தான்.

எனக்கு உண்மையான கோபம் இப்போதுதான் வந்திருக்கிறது. காட்டுவதற்கு ஆள் இல்லை. அவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். உப்பேறிய மரம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே உடையாமல் நிற்கிறது என்பதையும், நமது அடுப்பு விரட்டுவது மாரியின் மிகையான ஈரத்தை மட்டும் என்பதையும், பனிக்காலத்து வீட்டில் விரட்டுவதற்கு ஈரமே இல்லை என்பதையும் அவனுக்கு அரைமணி நேரம் விளக்கியிருப்பேன். கண்ணைக் கழிக்கச் சொன்னேனே என்று நினைவூட்டியிருப்பேன். அவன் என்னைப் பற்றிப் போட்ட கணக்கில் பிழை இல்லை. என்னை எரிப்பது அதுதான்.

பிளந்த கட்டையை அனுப்பு. இரும்பு வளையம் இட்டு இறுக்கிப் பார்க்கலாம் என்கிறார் ஆதம்பாவா. வைகாசிக்குள் வந்து சேர வேண்டும். மற்ற மத்தளம் எனக்கு வேண்டாம். அது பொய் சொல்வதற்கென்றே கடையப்பட்ட மரம்.

அண்ணன்


ஸ்காபறோ
21.04.2024

அண்ணனுக்கு,

பொய் சொல்லக் கடைந்த மரத்தைத்தான் அனுப்புகிறேன். பிரதீஸ் லீவில் ஊருக்கு வருகிறான். இந்தக் கடிதத்தையும் மத்தளத்தையும் அவனே கொண்டு வருவான். கூத்து முடியும்வரை நிற்பான்.

பிளந்தது வராது. அது என் வளவில் நின்ற மரம், என் புருஷன் ஒளித்து வைத்த மரம். அதற்கு நீங்கள் இரும்பு வளையம் போடத் தேவையில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஆர்த்திகா பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பூச்சாடியா?" என்றாள். ஓம், பூச்சாடிதான் என்றேன்.

உங்களுக்கு வேண்டியது அவருடைய சத்தம் என்றால், அது இந்தப் புது மத்தளத்தில்தான் இருக்கிறது. கடைசி ஆறு வருடம் இதில்தான் வாசித்தார். வலந்தலையின் கரும்பூச்சில் அவருடைய மோதிரவிரல் விழுகிற இடம் தேய்ந்திருக்கிறது, பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தீர்களே. நீங்கள் அவருக்கு எடுத்திருக்கலாமே? படியில் ஒருத்தர், பாயில் ஒருத்தர். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு ஆறு வருடம்.

கண்ணகை


குருக்கள்மடம்
02.06.2024

தங்கச்சி,

கூத்து ஒப்பேறியது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

பிரதீஸ் கொண்டுவந்த பையை நான் சில நாட்கள் அவிழ்க்கவில்லை. ஆதம்பாவாதான் அவிழ்த்தார். கட்டையை முகர்ந்து, தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நம்மட ஊர் மரமில்ல மாஸ்டர். ஆனா நல்ல வளர்ப்பு" என்றார். நான் சிரிக்கவில்லை. வலந்தலையைப் பார்த்தேன். மோதிரவிரல் விழுமிடம் நீ எழுதியபடியே தேய்ந்திருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். சற்று விலகி விழுந்தது. அவனுடைய கை சிறியது என்பதை மறந்திருக்கிறேன்.

களரியில் பிரதீஸை என் பக்கத்தில் இருத்தினேன். தொடக்கத்திலேயே இரண்டும் சேரவில்லை. "என்ன அண்ணாவியார், ஒண்டு தமிழ் கதைக்குது, மத்தது இங்கிலீசு கதைக்குது!" என்று சபையிலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மத்தளத்தை வைத்துவிட்டு எழும்பியிருப்பேன். கூத்தர் களரிக்கு வரும் வரவுத் தாளம் தொடங்கிவிட்டது, இருந்துவிட்டேன்.

விடியும் வேளையில் வாவிக் காற்று எழும்பியது. அந்த நேரத்தில் என் மத்தளம் ஈரம் குடித்துச் சற்றுத் தாழும். முன்பெல்லாம் மேல்மரமும் கூடவே தாழும். இரண்டும் சேர்ந்து இறங்கியதால் இறங்கியது எவருக்கும் தெரிந்ததில்லை, எனக்குங்கூட. இப்போது மேப்பிள் இறங்கவில்லை. தொடங்கிய இடத்திலேயே நின்றது. நான் எவ்வளவு கீழே வந்திருக்கிறேன் என்பதை முதன்முறையாகக் கேட்டேன்.

அப்போதுதான் பிரதீஸ் கையை மாற்றினான். இடந்தலையின் விளிம்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பதித்து, அழுத்தியும் அழுத்தாமலும் அடித்தான். ஒலி உருண்டது. வட்டமாக அடங்கியது. சபையில் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். என் கை நின்றுவிட்டது.

விடிந்தபின் கேட்டேன். "அந்த அடி எங்க படிச்சனீ?"

"மாமா பழக்கினது. உள்ளங்கையால கொஞ்சம் அமத்தினா மேப்பிள் பலாபோல கதைக்கும் எண்டு அவர்தான் கண்டுபிடிச்சவர். ஒவ்வொரு ஞாயிறும் அதத்தான் அடிச்சு அடிச்சுப் பார்ப்பார். ‘இன்னும் கொஞ்சம் சரி வரட்டும், மறுகா ரெத்தினத்துக்கு எடுப்பம்’ எண்டுவார்."

"திவசத்தண்டு மேடையில ஏன் அப்பிடி அடிக்கல்ல?"

"மாமா இல்லையே. இனி ஆருக்கு ஒளிக்கிற?"

தங்கச்சி, அவன் எடுத்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். மரம் குடிக்க வேண்டியதைக் கை குடிக்கிறது என்பது எனக்கு ஒரே அடியில் தெரிந்திருக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. அவனுக்கும் இருந்திருக்காது. இருந்தும் ஆறு வருடம் பழகியிருக்கிறான்.

நான் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாய். அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். திரும்பி வரும் பிரதீஸ் கையில் இக்கடிதத்தைத் தருகிறேன்; வருகிற ஞாயிறு, சீனி எடுக்கும் அதே நேரத்தில், நான் உனக்கு எடுப்பேன். கத்த மாட்டேன். நீ அழுதாலும் பரவாயில்லை. போனை அந்தப் பிளந்த கட்டைக்குப் பக்கத்தில் வை. தோல் வேண்டாம், வளையம் வேண்டாம். விரல் முட்டியால், கண் இருக்கும் இடத்தில், ஒருமுறை அடித்துக் காட்டு.

மரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அண்ணன்